புல்லைச் செருக்காமல் விடுங்கோ

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு வன்னியிலோ மன்னாரிலோ காணி வைத்திருப்பவர்கள் கொழும்பில் ஏராளம். புரட்டாதி கடைசியில் காணி பார்க்கும் ஆளுக்கு ஒரு அழைப்புப் போகும்: "மழைக்கு முதல் காணியைத் துப்புரவாக்கி வையுங்கோ தம்பி." இரண்டு நாளில் வட்ஸ்அப்பில் படம் வரும். வேலியோரம் தொடங்கி வாய்க்கால் வரைக்கும் ஒரு புல் இல்லை. செருக்கி, கூட்டி, கொளுத்தி, செக்கச் செவேலென்று வெறும் மண். பார்க்கிறவருக்கும் திருப்தி, கூலி வாங்கினவருக்கும் திருப்தி. அதற்குப் பிறகு வரும் முதல் பெருமழையில் அந்தக் காணியில் என்ன நடந்தது என்று யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீற்றர். அதன் மேலிருந்து 1 மில்லிமீற்றர் மண் போனால் 4 கன மீற்றருக்குச் சற்றுக் கூட. கொழும்பில் வீடு கட்டியவர்களுக்கு விளங்கும் பாஷையில், கிட்டத்தட்ட ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). 1 மில்லிமீற்றர் என்பது வங்கி அட்டையைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். காணியில் நின்று பார்த்தால் ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் போனது அடிமண் அல்ல, எருவும் உரமும் வேரும் இருக்கும் மேல்மண். அது போய்ச் சேர்வது கீழே இருக்கும் குளத்துக்கு. குளத்தில் ஒன்றரைக் கியூப் மண் ஏறினால் ஒன்றரைக் கியூப் தண்ணீருக்கு அங்கே இடமில்லை.

வன்னியின் செங்கபில மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தால் மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகும். வெறும் தரையாகக் கிடக்கும்போது முதல் துளிகள் விழுந்தால், மண்கட்டிகள் உடைந்து பொடிக்களி கிளம்பி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். மேலே ஒரு தோல் படர்ந்த மாதிரி ஆகும். அதற்குப் பிறகு பெய்வது உள்ளே இறங்காது, ஓடும். புல் நின்றால் துளி முதலில் இலையில் உடையும், ஓடும் தண்ணீர் தண்டுகளுக்கு இடையே தடுமாறி வேகம் குறையும், செத்த வேர்கள் விட்டுப்போன துளைகள் வழியாக ஒரு பங்கு கீழே இறங்கும். உழாத புல்தரையில் இந்தத் துளைகள் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். புல் மண்ணில் சேர்க்கும் கரிமமும் பெரும்பாலும் வேரின் வழியாக வருவதுதான். அது சேரப் பல வருடம் வேண்டும், ஆழமாக உழுதால் சில வருடத்திலேயே கரையும். ஆகவே "இந்த வருசம் உழுவம், அடுத்த வருசம் புல்லுக்கு விடுவம்" என்று மாற்றி மாற்றிச் செய்வதில் பலன் கொஞ்சம்தான்.

புல்லால் செய்யமுடியாததையும் சொல்லவேண்டும். தண்ணீரின் வேகம் குறைந்ததும் முதலில் விழுவது மணல், ஓரிரு மீற்றருக்குள்ளேயே. பிறகு வண்டல். களி கடைசியில்தான், அதற்கு நிறையத் தூரம் வேண்டும். பொசுபரசு பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டு போவதால் மண்ணைப் பிடித்தால் அதிலும் பெரும்பங்கு பிடிபடும். யூரியா அப்படியில்லை. நைத்திரேற்றாக மாறித் தண்ணீரில் கரைந்து போகும். அதைப் புல் வடிகட்டாது, வேரால் உறிஞ்சத்தான் முடியும். உறிஞ்சிய புல்லை வெட்டி அகற்றாவிட்டால் அது மக்கி மறுபடியும் அதே இடத்துக்கு வரும். எனவே இப்படி மண்ணைப் பிடிக்க விடும் புல்லை, அதாவது வடிபுல்லை, வெட்டி மாட்டுக்குப் போடுவதும் அதன் வேலையில் ஒரு பாதி.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. உலர்வலயக் குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்தோடும் தொடர்கள் என்பதை 1985-இல் பேராசிரியர் மத்துமபண்டார விரிவாக எழுதினார். 2017-இல் உலக உணவு விவசாய நிறுவனம் இந்தக் குளத்தொடர்க் கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது. அந்த முறையில் புல்லுக்கு ஒதுக்கிய இடம் தெளிவாக இருந்தது. குளத்தின் மேற்பக்கம் மரங்கள் அடர்ந்த பட்டி, சிங்களக் கிராமங்களில் 'கஸ்கொம்மன'. அதை ஒட்டி, மேட்டில் காடு வெட்டிப் பயிரிடும் சேனைப் பக்கத்திலிருந்து வரும் மண்ணைப் பிடிக்கும் புல்தரை, 'பெரஹன', அதாவது வடி. குளக்கட்டுக்குக் கீழே, கட்டுக்கும் வயலுக்கும் நடுவே, கசிவோடு வரும் உப்பை உறிஞ்சும் பற்றையும் புல்லும் கலந்த துண்டு, 'கட்டகடுவ'. எங்கள் பக்கத்தில் அலைகரை என்று சொல்லும் இடத்துக்கும் இதே வேலை உண்டு. மாரியில் தண்ணீருக்குள் கிடக்கும், கோடையில் தண்ணீர் வற்ற வற்றப் பச்சைப் புல் கிளம்பும், மாடுகள் அங்கே நிற்கும்.

அலைகரையை உழுது உழுந்து போடுகிறவர்களின் கணக்கு விளங்காமல் இல்லை. ஈரமான, உரமான மண், சும்மா கிடக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனால் உழுத அலைகரை அடுத்த மாரியில் நேரே குளத்துக்குள் இறங்கும். கிராமத்து மாடுகள் கோடையில் வேறெங்கும் போக வழியில்லாமல் வயல் வேலிகளை உடைக்கும். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் வருடக்கணக்காகக் கேட்பதும் இதுதான்: மேய்ச்சல் தரையை மேய்ச்சல் தரையாகவே விடுங்கள். எங்கள் வரைபடங்களிலும் பேச்சிலும் "தரிசு" என்று ஒரு சொல் இருக்கும்வரை புல்தரை யாராவது வந்து "அபிவிருத்தி" செய்யக் காத்திருக்கும் இடமாகத்தான் தெரியும்.

வன்னியில் காணி இல்லாத கொழும்புக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் தண்ணீர்தான் நகரத்தின் பெரும்பகுதிக் குழாய்களில் வருகிறது. களனியின் தலைநீர்கள் கிளம்பும் இடங்களில் ஒன்று ஹோர்ட்டன் சமவெளி. 2,100 மீற்றருக்கு மேலே, ஈரப்பத்தனை என்னும் மலைப் புல்வெளியும் முகில்காடும் கலந்த நிலம். அங்கிருந்து இறங்கும் வழியெல்லாம் தேயிலை. தேயிலை மலையில் புல்லுக்கு ஒரு கணக்கான இடம் இருப்பதை மலையகத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய பிறகு உடனே புதுக்கன்று வைக்கக்கூடாது. மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு 18 முதல் 24 மாதம் விடவேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பரிந்துரை. பல தசாப்தம் ஒரே பயிர் நின்ற மண்ணுக்கு அது உயிர் கொடுக்கும், தேயிலை வேரைத் தின்னும் வட்டப்புழுக்களும் குறையும், சரிவும் வெறுமையாக நிற்காது. இங்கே ஒரு பிசகு அடிக்கடி நடக்கும். அந்தப் புல்லை வெட்டி அங்கேயே நிலத்தில் பரப்பவேண்டும். மாட்டுக்கு நல்ல தீனி என்று கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனால் மண்ணுக்கு வரவேண்டியது தொழுவத்துக்குப் போய்விடும். குளத்தடியில் வெட்டி அகற்று என்பதும் மலையில் வெட்டி அங்கேயே போடு என்பதும் முரண் இல்லை. ஒன்று கூடிப்போன உரத்தைக் குறைக்க, மற்றது குறைந்துபோன மண்ணை நிரப்ப.

மரம் நடுகை விழாக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்புக் கம்பனிகள் பஸ் பிடித்துப் போய்ப் பத்தனையில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவதை நல்ல காரியமாக நினைக்கின்றன. பத்தனை காடழிந்த இடம் என்றால் சரி. ஆனால் இயற்கையாகவே புல்தரையான இடத்தில் பைனோ யூக்கலிப்ரஸோ வைத்தால், வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் அந்த மரங்கள் கோடையிலும் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும். புல்லோ கோடையில் காய்ந்து தன் செலவைக் குறைத்துக்கொள்ளும். அந்த மிச்சம்தான் கீழே ஊற்றாக வருவது. ஊவாவில் பைன் வைத்த சரிவுகளுக்குக் கீழே இருக்கிறவர்கள் ஊற்று வற்றியதைப் பற்றிப் பேசுவது சும்மா அல்ல.

நகரத்தின் ஓரத்திலேயே, கடுவெல, கெஸ்பேவப் பக்கம் விதைக்காமல் விட்ட வயல்களில் இப்போது கோரையும் புல்லும் நிற்கின்றன. அவை மழைத்தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கும் நிலங்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018-இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. வயலை நிரப்புவதற்கு 2000-ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். இதற்கு மேல் இங்கே எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

வன்னிக் காணிக்கு வருவோம். 100 மீற்றர் நீளம், 80 மீற்றர் அகலம், கிட்டத்தட்ட 2 ஏக்கர் மேட்டுக்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவின் அடியில் 100 மீற்றர் நீளத்துக்கு 5 மீற்றர் அகலப் புல்துண்டு விட்டால் போவது 2 பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்). 32 பரப்பில் 2. பெரும்பாலும் அந்த அடி ஓரம் தண்ணீர் தேங்கி விளைச்சல் குறைந்த இடமாகத்தான் இருக்கும். மண்ணில் களி கூட என்றால், அல்லது சரிவு கொஞ்சம் கடுமை என்றால், 10 மீற்றர் விடுங்கள். 5-க்குக் கீழே போனால் மணலைத்தான் பிடிக்கலாம், குளத்துத் தண்ணீரின் சிவப்பு மாறாது.

முதல் வேலை நடுவது அல்ல, பார்ப்பது. ஒரு நல்ல மழைக்கு நடுவே யாராவது குடையோடு நின்று தண்ணீர் எங்கே சேர்ந்து ஓடுகிறது என்று தடி ஊன்றி வரவேண்டும். வடிபுல் வேலை செய்வது தண்ணீர் பாய் விரித்த மாதிரிப் பரவி வரும்போது மட்டும். ஒரு மாட்டுத்தடம், ஒரு உழவு இயந்திரத்தின் சில்லுத்தடம் போதும், முழுக்காணித் தண்ணீரும் அதற்குள் சேர்ந்து புல்லை ஊடறுத்துப் போய்விடும். வடிபுல் வைத்தும் பலனில்லை என்று சொல்லப்படும் இடங்களில் பாதிக்கு மேல் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. பாதை வேண்டுமென்றால் சரிவுக்கு நேராக இல்லாமல் சாய்வாக, புல்துண்டின் ஓரத்தால் எடுங்கள்.

மட்டம் பிடிக்க மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். 12 அல்லது 15 மீற்றர் தெளிவான டியூப், அளவு குறித்த இரண்டு தடிகள், இரண்டு ஆட்கள். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் அளவு பிழைக்கும். தண்ணீரை வாளியிலிருந்து ஒரே இழுப்பில் இறக்கி, முழு நீளத்தையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நடக்கும்போது இரண்டு வாயையும் பெருவிரலால் மூடவேண்டும், அளவு பார்க்கும்போது இரண்டையும் திறக்கவேண்டும். ஒன்றை மூடியபடி பார்த்துவிட்டு "மட்டம் சரியில்லை" என்று சண்டை பிடிப்பது வழமை. தண்ணீர் ஆட்டம் நிற்க அரை நிமிடம் விடுங்கள். இரண்டு தடியிலும் ஒரே அளவு வரும் இடங்களில் முளை அடித்துக்கொண்டு போனால், நேர்கோடாக அல்ல, நிலத்தின் வளைவுக்கு ஏற்ப ஒரு வரி கிடைக்கும். அழகு பார்த்து அதைக் கயிறு பிடித்து நேராக்கவேண்டாம். நேராக்கிய இடத்தில்தான் தண்ணீர் பள்ளம் தேடும்.

அந்த வரியில் வெட்டிவேர். புல்துண்டின் மேல் விளிம்பில் ஒரே ஒரு வரிசை. பெரிய தூரைப் பிரித்து, இலையை 20 சென்ரிமீற்றருக்கும் வேரை 10 சென்ரிமீற்றருக்கும் நறுக்கி, சாணிக்கரைசலில் தோய்த்து, குழிக்கு 2 அல்லது 3 தண்டு, 15 சென்ரிமீற்றர் இடைவெளி. 100 மீற்றருக்கு ஏறக்குறைய 670 குழி, அதாவது 1,340 முதல் 2,000 தண்டு வரை. ஐப்பசி மழை தொடங்கி நிலம் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள். முதல் தூறலை நம்பி நட்டு, பிறகு பத்து நாள் வெயில் அடித்தால் பாதி போய்விடும். ஒன்றரை மாதத்தில் நடந்து பார்த்து விழுந்த இடங்களை நிரப்பவேண்டும். வெட்டிவேர் வரிசையில் ஓட்டை இருந்தால் அது வேலி அல்ல, மதகு. மரநிழலில் இது சரிவராது. மாமரத்துக்குக் கீழே வரும் இடத்தில் தூர் மெலிந்து ஓட்டை விழுவது நிச்சயம், அங்கே மரக்கொப்பைக் கழியுங்கள் அல்லது வரியைத் தள்ளி எடுங்கள்.

வெட்டிவேருக்குக் கீழே அந்த 5 மீற்றரில் அறுகு. தனியாக வாங்கத் தேவையில்லை, செருக்குவதை நிறுத்தினால் பெரும்பாலான இடங்களில் தானாகவே வரும். வராத இடத்தில் வேரோடு பெயர்த்து ஒரு சாண் இடைவெளியில் பதியுங்கள். அறுகு என்றதும் கமக்காரர் பதறுவார்கள், தோட்டத்துக்குள் ஓடிவிட்டால் பிடுங்கி முடியாது என்று. நியாயமான பயம். வெட்டிவேரை மேல் விளிம்பில் வைப்பதற்கு ஒரு காரணம் இதுதான். அதன் அடர்ந்த வேர் நேரே கீழே, நல்ல மண்ணில் 3 மீற்றர் வரைகூட இறங்கும், அறுகின் கொடி அதைத் தாண்ட முடியாமல் நிற்கும். இப்போது புழக்கத்தில் உள்ள வெட்டிவேர் முளைக்கும் விதை போடுவதில்லை என்பதால் அதுவே களையாகிவிடும் என்ற கவலையும் வேண்டாம்.

கினிப்புல்லை மட்டும் இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஆபிரிக்காவிலிருந்து வந்த தீவனப்புல், மாட்டுக்கு நல்லது, ஆனால் தூர்தூராக வளரும். தூருக்கும் தூருக்கும் நடுவே வெறும் மண், தண்ணீர் அதற்குள்ளால் ஓடும். ஆடி, ஆவணியில் காய்ந்தால் ஒரு சிகரெட் துண்டு போதும். தீவனம் வேண்டுமென்றால் மாட்டுத்தொழுவத்தோடு ஒரு மூலையில் சிஓ-3 என்ற கலப்பினத் தீவனப்புல்லைப் போட்டு 45 நாளுக்கு ஒருமுறை வெட்டுங்கள்.

வெட்டும் உயரம் முக்கியம். 10 சென்ரிமீற்றர், அதாவது ஐந்து விரலைச் சேர்த்து வைத்த உயரம், நிலத்தில் நிற்கவேண்டும். முதுகில் மாட்டும் புல்வெட்டும் மெசின்காரர் மண் தெரிய வெட்டினால்தான் வேலை செய்ததாக நினைப்பார். கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். மாட்டை முதல் வருடம் விடவேண்டாம். அதற்குப் பிறகும் மாரி மாதங்களில் விடவேண்டாம். ஈரமண்ணில் குளம்பு மிதித்தால் மண்ணின் துளையெல்லாம் அடைபட்டு, செருக்கிய தரைக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

வயல் வரம்புப் புல்லுக்குத் தனிக்கணக்கு. விதைத்த முதல் வாரங்களில் வரம்பில் புல் நிற்பது நல்லது. சிலந்திகளும், நெல்லைத் தாக்கும் கபிலத் தத்தியின் முட்டையை உறிஞ்சும் சிறு பச்சைப் பூச்சியும் அங்கிருந்துதான் வயலுக்குள் இறங்கும். ஆனால் அதே புல் பூத்துக் கதிர் விட்டால் நெல் மூட்டுப்பூச்சி அதில் பெருகி, நெல் பால் பிடிக்கும் நேரம் பார்த்து உள்ளே வரும். மூன்றரை மாத நெல் என்றால் கதிர் தள்ளுவது 75-ஆம் நாள் அளவில். ஆகவே 60-ஆம் நாளுக்குள் வரம்புப் புல்லைப் பூக்கவிடாமல் வெட்டுங்கள், களைநாசினி அடிக்காமல். அடித்தால் வேர் செத்து வரம்பு கரையும், அடுத்த போகத்தில் மண்வெட்டியால் வரம்பு கட்டும் கூலி தனியாக வரும்.

வெட்டப் போகும்போது ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது. கூடு என்று ஒன்றும் இராது, தரையில் சிறு பள்ளத்தில் மண்நிறத்தில் நான்கு முட்டை, மிதித்தபிறகுதான் தெரியும். சுற்றிவரப் பத்து அடி விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய நான்கு கிழமை. பொரித்த உடனேயே எழும்பி ஓடிவிடும், அதற்குப் பிறகு அந்தத் துண்டையும் வெட்டலாம்.

வருடங்கள் போகப்போக மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும். உழவு இயந்திரக்காரர் ஒவ்வொரு போகமும் ஒரு சால் கூட உழுது புல்லைத் தின்றுகொண்டே வருவார், ஐந்து மீற்றர் பத்து வருடத்தில் இரண்டு மீற்றராகிவிடும். வெட்டிவேர் வரிசை இருந்தால் அது எல்லைக்கல் மாதிரி நிற்கும். இரண்டாவது, வரிசைக்கு மேல்பக்கம் மண் படிந்து படிந்து ஒரு திட்டி ஏறும். அது உயர்ந்தால் தண்ணீர் புல்லுக்குள் வராமல் திட்டியை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோடையில் அந்த மண்ணை வழித்துக் காணியின் மேல்பக்கத்துக்கே ஏற்றுங்கள், அது உங்கள் சொந்த மேல்மண். மூன்றாவது நெருப்பு. பக்கத்துக் காணியில் குப்பை கொளுத்துகிறவர் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு மீற்றர் அகலத்துக்குச் செருக்கி வைக்கலாம், சரிவுக்குக் குறுக்காக, கீழே இறங்கும் வழியாக அல்ல.

வேலை செய்கிறதா என்று கொழும்பில் இருந்தபடியே பார்க்க ஒரு வழி உண்டு. காணி பார்க்கும் தம்பியிடம் வெறும் தரைப் படம் கேட்காமல், பெருமழை பெய்யும்போது இரண்டு ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்று வெட்டிவேர் வரிசைக்கு மேலே, மற்றது புல்துண்டு முடியும் இடத்தில். இரண்டையும் அசையாமல் ஒரு இரவு வைத்து, காலையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அடிப்பக்கம் தெரியப் படம் எடுத்து அனுப்பட்டும். கீழ்ப்போத்தலின் அடியில் படிந்த மணல் மேல்ப்போத்தலில் உள்ளதைவிட நன்றாகக் குறைந்திருக்கவேண்டும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் தண்ணீர் எங்கோ ஊடறுக்கிறது, தடியோடு போய்த் தேடச் சொல்லுங்கள். மணல் குறைந்தும் தண்ணீர் இன்னும் சிவப்பாகவே நின்றால் அது களி. அடுத்த ஐப்பசிக்கு முதல் இன்னும் இரண்டு பரப்பை விடவேண்டி வரும்.